ஏழு குதிரைக்கு எட்டாத கதிர்

ஞாயிற்றை வணங்கியோர் பலர். ஞாயிற்றை ஆராய்ந்தோர் சிலர். வணங்கியோர் பெற்றது ஆறுதல். ஆராய்ந்தோர் பெற்றது ஆற்றல். அந்த ஆற்றலின் வரலாற்றிலே இன்னும் மை காயாத பக்கம் ஒன்றை இவ்வாரம் தோழர்கள் முன் விரிக்கிறோம்.

இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்கினார். வெயிலும் மழையும் மாறி மாறி அரசோச்சும் காட்சியைக் கண்ணால் காண விரும்புவோர் தென்காசி வட்டாரத்துக்கு வரலாம். வடகரையில் நின்று மேற்கே நோக்கினால் மலை. மலையடியிலே மேக்கரை, அடவிநயினார் அணை. அதன் நீர் பாயும் நெல்வயல், தென்னந்தோப்பு. ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தைச் சாரலால் நனைக்கிறது. சற்று நேரத்தில் முகில் விலகுகிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மறுபடியும் சாரல், மறுபடியும் வெயில். சித்திரையிலோ சாரலின் சாயலும் இல்லை. வெயில் ஒன்றே வேந்தன்.

இந்த வெயிலையும் இந்தச் சாரலையும் ஒருங்கே தாங்கி நிற்கும் மின்கலத்தை, ஏழை உழவனும் வாங்கும் விலையில் செய்ய முடியுமா? உலகத்து ஆய்வுக்கூடங்களில் இன்று கேட்கப்படும் கேள்வி இது. வடகரையில் கிணற்றடியில் நின்று மின்சாரத்தை எதிர்பார்ப்பவனின் கேள்வியும் இதுவே.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

சூரியனுடைய தேருக்கு ஏழு குதிரைகள் என்கிறது புராணம். வெண்ணிற ஒளியைப் பட்டகத்தின் வழியே செலுத்தி ஏழு நிறங்களாகப் பிரித்துக் காட்டிய ஆய்வை 1672-இல் நியூட்டன் வெளியிட்டார். அதைக் கேள்வியுற்ற பிற்கால உரையாசிரியர் சிலர், "பார்த்தீர்களா! அந்த ஏழு குதிரைகளே இந்த ஏழு நிறங்கள், நம் முன்னோர் அன்றே கண்டது இது" என்று பொருள் கூறக் கிளம்பினர். கண்டிருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை!

1800-இல் வில்லியம் ஹெர்ஷல், பிரிந்த நிறங்களின் மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறிற்று. செய்தி அறிந்தார் ஜெர்மனியின் ஜேனா நகரத்து இளைஞர் யோகான் ரிட்டர். சிவப்புக்கு அப்பால் ஒன்று உண்டெனில், மறுகோடியில் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருக்கலாமே என்று எண்ணினார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்பான சில்வர் குளோரைடை அங்கே வைத்தார். 1801-இல் நடந்த ஆய்வு அது. ஊதா நிறம் பட்ட இடத்தைக் காட்டிலும், ஒளியே இல்லாதது போலத் தோன்றிய அப்பாலிடத்தில் அந்த உப்பு விரைவாகக் கறுத்தது! இன்று நாம் புற ஊதாக் கதிர் என்று அழைப்பது அதைத்தான். எட்டாவது குதிரையின் பெயர் என்னவென்று எந்தப் புராணிகரும் சொன்னதில்லை. வெள்ளி உப்புத் தடவிய ஒரு துண்டு தாள் சொல்லிற்று.

நம் தோலைக் கருக்குவதும், சாயத்துணியை வெளிறச் செய்வதும், வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியை நொறுங்க வைப்பதும் இக்கதிரின் திருவிளையாடல்களே. தரையை வந்தடையும் கதிரவன் ஆற்றலில் இதன் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்று. அளவு சிறிது, அழிக்கும் வலிமை பெரிது. காரணம் என்ன? ஒளி சிறுசிறு பொட்டலங்களாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் ஆற்றல் கூடும். சிவப்பொளியின் பொட்டலம் தட்டிவிட்டுப் போகும். புற ஊதாவின் பொட்டலமோ அணுக்களின் கட்டையே அறுத்துவிடும்.

ஓராண்டில் இரு பிறவிகள்

1839 நம் வரலாற்றில் குறித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு. அவ்வாண்டில் பாரிசிலே, 19 வயது இளைஞர் எட்மண்ட் பெக்கரெல், தம் தந்தையின் ஆய்வுக்கூடத்தில், அமிலக் கரைசலில் வைத்த உலோகத் தகட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். மின்னோட்டம் பிறந்தது. தகட்டின் மீது அவர் பூசியிருந்ததும் ரிட்டர் பயன்படுத்திய அதே வெள்ளி உப்பின் இனம்! அதே 1839-இல், உருசியாவின் யூரல் மலையிலிருந்து வந்த கனிமம் ஒன்றை குஸ்தாவ் ரோசே ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற உருசியப் பிரமுகரின் நினைவாகப் பெரோவ்ஸ்கைட் என்று பெயரிட்டார். கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கல் அது. ஒளியிலிருந்து மின்சாரமும் இந்தக் கல்லும் ஒரே ஆண்டில் உலகுக்கு அறிமுகமாயின. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவோ 170 ஆண்டுகள் பிடித்தன.

இடையிலே சிலிக்கான் அரியணை ஏறிற்று. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் என்ற மூவர், விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மின்சாரமாக்கும் சிலிக்கான் கலத்தைக் காட்டினர். 1958-இல் வான்கார்டு என்னும் செயற்கைக்கோளில் ஏறி அது விண்ணையும் கண்டது. இராமநாதபுரத்துக் கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் நிலையம் வரை அதன் வழித்தோன்றல்களே. ஆயினும் சிலிக்கானைத் தூய்மையாக்கிப் பளிங்காக்குவது எளிதன்று. 1,400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதை உருக்க வேண்டும். விலையில் ஒரு பங்கு அந்த உலைக்கே போகிறது.

2009-இல் சப்பான் நாட்டு யோகோகாமாவில் பேராசிரியர் மியாசாகாவின் குழுவினர், பெரோவ்ஸ்கைட் கல்லின் அணு அடுக்கையே கொண்ட, ஆனால் ஈயமும் அயோடினும் கரிமச் சேர்மமும் கலந்த வேறொரு பளிங்கை மின்கலத்தில் அமைத்தனர். பயன் 3.8 விழுக்காடு. "இவ்வளவுதானா?" என்றனர் பலர். 2012-இல் அது பத்தைத் தொட்டது. இன்று ஆய்வுக்கூடக் கலங்கள் 26-ஐக் கடந்துவிட்டன. சிலிக்கானின் மேல் இதனை அடுக்கிய இரட்டைக் கலங்கள் 34-ஐத் தாண்டிவிட்டன. சிலிக்கான் ஐம்பதாண்டு நடந்த தொலைவைப் பதினைந்தாண்டில் ஓடி முடித்த பொருள் இது! உலை வேண்டியதில்லை. கரைசலாக்கி, அச்சகத்தில் மை தடவுவது போலத் தடவி, ஏறத்தாழ நூறு பாகையில் உலர்த்தினால் போதும். அரை மைக்ரான் தடிமனே அதன் உடல். தலைமயிரின் நூற்றில் ஒரு பங்கும் தேறாது.

குற்றம் எங்கே?

இத்தனை பெருமை உடையது ஏன் இன்னும் கூரைதோறும் ஏறவில்லை? ஆயுள் குறைவு. சிலிக்கான் பலகைக்கு 25 ஆண்டு உறுதி தருகின்றனர். பெரோவ்ஸ்கைட்டோ ஈரம் பட்டால் கரைகிறது. கறுப்புப் படலம் மஞ்சளாகிவிடுகிறது, அதாவது ஈய அயோடைடாகச் சிதைந்துவிடுகிறது. ஈரத்தைத் தடுக்கக் கண்ணாடிப் பேழைக்குள் அடைத்தால், எந்த வெயிலுக்காகப் பிறந்ததோ அந்த வெயிலே அதற்குக் கூற்றாகிறது.

இதன் சூட்சுமத்தை 2013-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் வெளிப்படுத்தினர். கலத்தில் பிறக்கும் எலெக்ட்ரான்களை ஏந்திச் செல்ல டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொருளை அடியில் பரப்புவது வழக்கம். நம் வீட்டுச் சுவரின் வெள்ளை வண்ணப்பூச்சும் அதுதான். பூசிச் சில ஆண்டுகளான சுவரில் கை வைத்தால் வெண்தூள் ஒட்டுகிறதல்லவா? புற ஊதா பட்டதும் இவ்வெண்பொருள் விழித்துக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள பசையைத் தின்னத் தொடங்குவது அதற்கு ஒரு காரணம். இதே பொருளின் மீது புற ஊதாவைப் பாய்ச்சி நீரையே பிளக்கலாம் என்று 1972-இல் சப்பானியர் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். அத்தகைய துடுக்கனைத்தான் மெல்லிய பெரோவ்ஸ்கைட்டின் காலடியில் படுக்க வைத்திருந்தார்கள்!

ஆக்ஸ்போர்டில் கண்ட வியப்பு இன்னொன்று. காற்றுப் புகாமல் அடைத்துக் காத்த கலங்களே, அடைக்காத கலங்களைவிட விரைவாகக் கெட்டன. ஆக்சிஜன் நீங்கிய இடங்களாகிய பள்ளங்கள் டைட்டானியப் படலத்தின் மேற்பரப்பில் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அப்பள்ளங்களை மூடி நிற்கும். புற ஊதா அந்த மூடியைக் கழற்றிவிடுகிறது. வெளிக்காற்று இருந்தால் மீண்டும் மூடிக்கொள்ளும். அடைபட்ட பேழையில் மூடுவது ஏது? திறந்த பள்ளங்களில் எலெக்ட்ரான்கள் விழுந்து மாள்கின்றன. புற ஊதாவை வடிகட்டிவிட்டு வெயிலில் வைத்தபோது கலம் நிலைத்து நின்றது. குற்றவாளி பிடிபட்டான். இனி வேண்டுவது வேலி.

வேலி கட்டிய வரலாறு

கண்ணாடித் தொழிற்சாலைகளில் உலைமுன் நிற்கும் தொழிலாளரின் கண்ணில் புரை விழுவது கண்டு, அதைத் தடுக்கும் கண்ணாடியைத் தேடினார் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ். பற்பல உலோகங்களைக் கலந்து பார்த்து, 1914-இல் முடிவுகளை வெளியிட்டார். சீரியம் என்னும் அருமண் தனிமத்தைக் கலந்த கண்ணாடி, காணும் ஒளியை விட்டுவிட்டுப் புற ஊதாவை மட்டும் விழுங்கிற்று. தொழிலாளியின் கண்ணைக் காக்கப் பிறந்த அதே அறிவு, பின்னாளில் விண்வெளி மின்கலங்களின் மேல் மூடும் சீரியக் கண்ணாடியாக உருவெடுத்தது.

ஆனால் விழுங்குவதோடு நிற்கும் வேலி பாதி வேலியே. வெயிலின் ஒரு பங்கு மின்சாரமாகாமல் வீணாகிறது. பகைவனைத் தடுத்து நிறுத்துவதோடு அவனையே வேலையாளாக மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 2014-இல் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விரேஷ் தத்தா, வம்சி கிருஷ்ண கோமரலா உள்ளிட்ட குழுவினர், இட்ரியம் வனடேட்டில் சிறிது யூரோப்பியம் கலந்த நானோ துகள்களைப் பெரோவ்ஸ்கைட் கலத்தின் முகப்பில் மெல்லப் பூசினர். பழைய வண்ணத் தொலைக்காட்சியின் திரையிலே சிவப்பு நிறம் தந்த பொருள்தான் அது. 1964-இல் அமெரிக்கத் தொழிலகத்தில் பிறந்தது. இதன் குணம் என்ன? புற ஊதாவை உட்கொள்ளும், சிவப்பொளியை உமிழும். சிவப்பொளியோ பெரோவ்ஸ்கைட் விரும்பி உண்ணும் உணவு! கலத்தின் பயனும் கூடிற்று, ஆயுளும் கூடிற்று. நெடுநேரம் ஒளியில் வைத்த பிறகு, பூச்சில்லாத கலத்தில் தொடக்கத் திறனின் ஏறத்தாழ 35 விழுக்காடே மிஞ்சிற்று. பூச்சுடைய கலத்தில் பாதிக்கு மேல் நின்றது.

நானோ துகள் என்பானேன், சாதாரணத் தூளைப் பூசினால் ஆகாதா என்று தோழர்கள் கேட்கலாம். தூள் பெரிதாயின் காணும் ஒளியையும் சிதறடித்துவிடும். கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்தது போலாகும். காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். துகள் அதனினும் மிகச் சிறிதாய் இருந்தால், ஒளி அதைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். சிறுமையே இங்கு வலிமை.

பாதி மிஞ்சியது வெற்றியா என்ற கேள்வி நேர்மையானது. 25 ஆண்டு நிற்கும் சிலிக்கானோடு ஒப்பிட்டால் அது தொடக்கமே. 2016-இல் இத்தாலியின் தூரின் நகரத்தாரும் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தாரும் கைகோத்து அடுத்த அடி வைத்தனர். அவர்கள் துகளுக்கு மாறாக, ஒளிரும் சாயம் கலந்த புளோரின் பாலிமரை முகப்பில் பூசினர். முதுகிலே ஈரம் புகாப் பூச்சிட்டனர். ஆறு மாதச் சோதனையில் அக்கலங்கள் திறன் குன்றவில்லை. டைட்டானியத்தையே விலக்கி, புற ஊதாவுக்கு எளிதில் மசியாத வெள்ளீய ஆக்சைடை வைப்பது இன்னொரு வழி. முன்னே வெயில், பின்னே ஈரம்: இரு முனைக்கும் காவல் வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் தந்த பாடம். சாரலும் வெயிலும் ஒரே நாளில் பத்து முறை மாறி வரும் குற்றாலத்துக் கூரையை விடக் கடுமையான தேர்வுக்கூடம் இதற்கு வேறு எங்கே கிடைக்கும்?

மணலை விற்று மினுக்கு வாங்கினோம்

இனி நம் நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருகிறோம்.

குரூக்சின் சீரியம் எக்கனிமத்தில் கிடைக்கிறது? மோனசைட்டில். வெண்பொருளாம் டைட்டானியம் எதிலே? இல்மனைட்டில். இரண்டும் கலந்த மணல் எங்கே குவிந்து கிடக்கிறது? குமரிக் கடற்கரையில், மணவாளக்குறிச்சியில்! தென்காசிக்குத் தெற்கே, மலைத்தொடர் முடியும் கோடியில்.

அந்த மணலின் கதை தென்னை நாரில் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பர்க் கவனித்தார். அதில் மோனசைட் மின்னிற்று. அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு மோனசைட் உயிர்நாடி. 1885-இல் ஆவுர் வான் வெல்ஸ்பாக் கண்ட எரிவாயு விளக்கின் வலைக்கு, தோரியமும் அதனோடு நூற்றில் ஒரு பங்கு சீரியமும் தேவை. இரண்டும் மோனசைட்டில் உண்டு. மணவாளக்குறிச்சியில் தொழிற்கூடம் எழுந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர் கைமாறிப் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. நம் கரையின் மண் கப்பலேறிற்று. விளக்கின் வலையாகித் திரும்பி வந்தது. திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழ் அமர்ந்திருந்த நம் பாட்டன்மாருள் எத்தனை பேர் அறிந்திருப்பர், அந்த வெளிச்சத்தின் மூலப்பொருள் தம் நாட்டுக் கடற்கரையிலும் கிடப்பதை? மணலை அள்ளிக் கொடுத்தவன் கூலி பெற்றான். மணலின் மறையை அறிந்தவன் செல்வம் பெற்றான்.

விடுதலைக்குப் பின் நிலை ஓரளவு மாறிற்று. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்தது. 1952-இல் ஆலுவாயில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கிற்று. 1965-இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அதன் கைக்கு வந்தது. 1956 நவம்பர் முதல் நாள், குமரியின் நான்கு தாலுகாக்களும் வடகரையை அடுத்த செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் திருவிதாங்கூர் மண்ணாயிருந்த நிலை நீங்கித் தமிழகத்தோடு இணைந்தன. மணலும் மலையடியும் ஒரே நாளில் நம்மிடம் வந்தன. வந்ததைக் கொண்டு என்ன செய்தோம் என்பதல்லவா கேள்வி?

மணல் அள்ளுவதிலும் நீதி உண்டு. 2024-இல் கிள்ளியூர் வட்டத்துக் கரையோர மக்கள் புதிய தாதுமணல் திட்டத்தை எதிர்த்து எழுந்தனர். கரை அரிப்பையும் கதிர்வீச்சையும் அஞ்சும் மீனவனின் கேள்விக்கு விடை சொல்லாமல், "விஞ்ஞானம்" என்ற சொல்லால் அவன் வாயை அடைப்பது பகுத்தறிவாகாது. பெரோவ்ஸ்கைட்டுக்கும் இது பொருந்தும். அதன் உள்ளே இருப்பது ஈயம். உடைந்த பலகையிலிருந்து சாரல் அதைக் கரைத்து வயலுக்குக் கொண்டு போகாமல் காப்பது ஆயுளைப் பெருக்குவது போன்றே முதற்கடமை. மண்ணைக் கெடுத்து மின்சாரம் பெறுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதை ஒக்கும்.

இனி நாம்

திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் இன்று டாடா நிறுவனத்தின் 4.3 கிகாவாட் ஆலை சிலிக்கான் கலங்களைச் செய்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அடுத்த தலைமுறைக் கலத்தின் மறையை யார் அறிவார்? பூச்சின் பக்குவத்தை யார் கண்டுபிடிப்பார்? நேற்று விளக்கின் வலையை விலைக்கு வாங்கியது போல, நாளை வெயிலுக்கான வேலியையும் விலைக்கு வாங்கிக்கொண்டு நிற்பதா?

வழிகாட்டி இல்லாமலும் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால், 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. கோபுரத்துக்குக் கலசம் ஏற்றும் செல்வர் நிறைந்த நாட்டில் ஆய்வுக்கூடத்துக்கு அடித்தளம் இட்ட செல்வர் அவர். அத்தகையோர் இன்னும் நூறு பேர் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியின் மாடியிலும் பூச்சிட்ட கலம் ஒன்றும் பூச்சிடாத கலம் ஒன்றும் அருகருகே வெயிலில் கிடக்க வேண்டும். சித்திரை வெயிலும் ஆடிச் சாரலும் அவற்றை என்ன செய்தன என்று மாணவன் நாள்தோறும் குறித்துவர வேண்டும். தென்காசிக் கல்லூரி மாணவனுக்கு அந்தச் சோதனைக்கான வானிலையை இயற்கை இலவசமாகவே தந்திருக்கிறது.

ரிட்டருக்கு வாய்த்தது ஒரு பட்டகமும் சிறிது வெள்ளி உப்பும். பெக்கரெலுக்கு வயது 19. இவற்றுக்கு மேல் நமக்கு வேண்டுவது யாதுமில்லை, துணிவைத் தவிர. கதிரவனைக் கைகூப்பித் தொழுத தலைமுறைகள் கடந்து போயின. இனி வரும் தலைமுறை அவனோடு கணக்குப் பார்க்கட்டும்: எது உதவும் கதிர், எது கெடுக்கும் கதிர், கெடுப்பதை உதவுவதாக மாற்றும் துகள் எது என்று. அந்தக் கணக்கைத் தமிழன் போடும் நாளில், மணவாளக்குறிச்சியின் மணல் வடகரையின் கிணற்றில் நீரிறைக்கும்!